வங்கி ஐயா விற்ற இரண்டு சோடிகள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு கொஞ்சம் கதைக்கச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எந்த அம்ப்ளிஃபயருக்கு எந்த ஸ்பீக்கர் ஒத்துவரும், வயரை எப்படிச் செருகுவது என்பதெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அவை உங்களுக்குத் தெரியும், தெரியாததைப் போனில் தேடி எடுத்துவிடுவீர்கள். ஒருவர் பாவித்த பாட்டுச் செட்டை வாங்கி இன்னொருவருக்கு விற்கும் இந்தத் தொழிலுக்காக வெள்ளவத்தைக்கு வந்துபோன காலமெல்லாம் நான் அதிகம் பார்த்தது பொறாமையைத்தான். வாடிக்கையாளருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் குறையவில்லை.

கடைக்கு வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். தன் வீட்டு செட் சரியில்லை என்று தானாகக் கண்டுபிடித்து வருகிறவர் குறைவு. மச்சான் வீட்டிலோ, கூட வேலை செய்தவர் வீட்டிலோ ஒரு பாட்டைக் கேட்டிருப்பார். அதுவரை குறையில்லாமல் பாடிய சொந்தப் பெட்டி அடுத்த நாள் காலையிலிருந்து மூக்கால் பாடத் தொடங்கிவிடும். உடனே எங்களிடம் வந்து இதைக் கொடுத்து அதை எடுப்பார். பிறகு ஆற அமர இருந்து கேட்கும்போது, கொடுத்ததுதான் நல்லது என்று தோன்றும். அதற்குள் அது வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

ஒருவர் தன் ரெக்கோர்ட் பிளேயரை எங்களிடம் விற்றுவிட்டு, அதை வேறு யாராவது வாங்கும்வரை சனிக்கிழமைகளில் வந்து பார்த்துப் போவார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தூசியும் துடைப்பார். அது விலைபோன அன்று யார் வாங்கியது என்று அவர் கேட்கவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாரோ, வெயில் படுமே என்று மட்டும் கவலைப்பட்டார். அதன்பிறகு எங்கள் கடை வரும் இடத்தில் பஸ் ஓடும் காலி வீதியைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினார். விற்றவர் திரும்பி வந்தால் சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. கதிரையைப் போட்டு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

இனி என் வயிறு எரிந்த கதை. கடைக்கு வந்த சாமானை இங்கே வேலை செய்கிறவர்கள் வாங்கக் கூடாது என்ற சட்டத்தை முதலாளி உங்களுக்கும் சொல்லியிருப்பார். நல்லதை நாங்கள் எடுத்துக்கொண்டால், மிச்சத்தைத்தான் தங்கள் தலையில் கட்டுகிறோம் என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள். நியாயமான சட்டம். நியாயமாக இருந்தபடியால் அதைத் திட்டவும் வழியில்லை. பகல் முழுவதும் அருமையான பெட்டிகளை மற்றவர்களுக்குப் பாடவைத்துக் காட்டுவேன். பின்னேரம் ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கல்கிசைக்குப் போய், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரேடியோவைப் போடுவேன்.

அதிலும் இன்னொரு கொடுமை. பாட்டுக் கேட்க வருகிறவரை நடுக் கதிரையில் இருத்துவோம். இரண்டு ஸ்பீக்கரும் சரிசமமாக வந்து சேரும் இடம் அதுதான். போட்டுக் காட்டுகிறவள் அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், ஒரு ஓரமாக நிற்கவேண்டும். அவர் கண்ணை மூடித் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு பக்கத்துச் சத்தத்தைக் கேட்பேன். இந்தக் கடையில் நான் எதையும் நடுவில் இருந்து கேட்டதில்லை.

ஹெவ்லொக் டவுனில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போக இருந்தது. அவர்களிடம் இருந்த ஓர் இங்கிலாந்து ஸ்பீக்கர் சோடியைப் பார்த்து எடுத்துவர நான்தான் கடையின் வான் வண்டியில் போனேன். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும் மண்ணிற மரப்பெட்டிகள், முன்துணி மங்கியிருந்தது. தடித்த கம்பளமும் சுவர் முழுக்கப் புத்தகமுமாக இருந்த அறையில் வீட்டுக்கார அம்மா ஒரு வீணை இசைத்தட்டைப் போட்டார். தந்தியில் விரல் வழுக்கிப் போவதும் கேட்டது. கடை திரும்பும்வரை வானின் பின்பக்கத்தில் இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்து, டிரைவர் பிரேக் பிடிக்கும் நேரமெல்லாம் கைபோட்டுப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாங்க முடியாது என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

நாங்கள் இறக்கும்போதே வங்கி ஐயா கடைக்குள் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஒரு வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி ஒன்றில் குடியிருப்பவர். நடுக் கதிரையில் இருந்து ஒரு பாட்டுக் கேட்டார். பாட்டு முடியுமுன்பே முதலாளியிடம் சரி சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வயர் செருகிப் பூட்டிக் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது.

ஐந்தாம் மாடி. கடல் பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவு, வழுக்கும் டைல்ஸ் தரை, ஒரு படம்கூட மாட்டாத வெறும் சுவர். ஹெவ்லொக் டவுனில் வழுக்கிப்போன அதே விரல் இங்கே கீச்சிட்டது. சத்தம் ஒரு சுவரில் பட்டு மற்றச் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது. தரைக்கு ஒரு கம்பளமும் கண்ணாடிக்குத் தடித்த திரையும் போடும்படி சொன்னேன். அவர் என்னைக் கடைச் சிப்பந்தியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

“துணியிலை போடுற சல்லியை நான் சாமானிலை போடுவன், தங்கச்சி,” என்றார்.

சொன்னபடியே சாமானில் காசைப் போட்டார். வயரை மாற்றினார், அம்ப்ளிஃபயரை மாற்றினார், கீழே வைக்கும் ஸ்டாண்டை மாற்றினார். மாற்ற வேறொன்றும் இல்லாமல் போனபோது குற்றம் சோடியின் தலையில் விழுந்தது. அதை எங்களிடமே கொடுத்துவிட்டு, உயரமான கறுப்புச் சோடி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கறுப்புச் சோடியும் நல்ல சாமான்தான். அப்போது அதைக் கவனிக்கும் மனநிலையில் நான் இருக்கவில்லை.

மரச்சோடி திரும்பவும் என் கண்முன்னால். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சட்டத்தைத் தளர்த்தும்படி முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்கு விட்டால் நாளைக்கு எல்லாருக்கும் விடவேண்டும் என்றார். அந்தச் சனிக்கிழமையே கொட்டாஞ்சேனையார் வந்து அதை எடுத்தார்.

கொட்டாஞ்சேனையார் என்று நாங்கள் சொல்வது அங்கே புடவைக்கடை வைத்திருக்கும் மலையகத்து மனிதரை. மெல்லக் கதைப்பார், எங்கள் கடையில் எல்லோரும் கூப்பிடுவதுபோல என்னை மிஸ் என்பார். கடையில் இடம் போதாததால் துணி மூட்டைகளைத் தன் பழைய வீட்டின் ஹோலில், மூன்று பக்கச் சுவரோடும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார். மேலே பலகைக் கூரை. மிச்சம் இருந்த இடத்தில் சோடியை வைத்துப் பூட்டினேன். ஓரமாக நின்ற எனக்கே வீணை முழுசாகக் கேட்டது. ஹெவ்லொக் டவுனில் கேட்டதைவிட நன்றாக இருந்தது. திரும்பி பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டதற்கு வெடுக்கென்று பதில் சொன்னது நினைவிருக்கிறது.

செட் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கேட்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கி ஐயாவும் போயிருக்கிறார். போனவரை நடுக் கதிரையில் இருத்தி, அவர் விற்ற சோடியையே அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார் கொட்டாஞ்சேனையார். திங்கள் காலை கடை திறக்க முதலே வங்கி ஐயா வாசலில் நின்றார். கொட்டாஞ்சேனையாருக்கு என்ன வயர் போட்டுக் கொடுத்தேன் என்று என்னைக் குடைந்தார். சாதாரண வயர் என்று சொன்னதை நம்பவில்லை. அது தன்னுடைய சோடி, அவசரப்பட்டு விற்றுவிட்டதாகச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இரண்டு முறை கையில் எடுத்தும் ஒருமுறைகூடச் சொந்தமில்லாமல் போன எனக்கு யார் பாவம் பார்த்தார்கள்?

அதன்பிறகு வங்கி ஐயா திரும்பத் திரும்பப் போய்ச் சோடியைத் தனக்கே தரும்படி கேட்டார். கொட்டாஞ்சேனையார் மறுத்துக்கொண்டே இருந்தார்.

தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு கொட்டாஞ்சேனையாரிடமிருந்து போன் வந்தது. சோடி கெட்டுப்போய்விட்டது என்றார்.

“சத்தம் வருது மிஸ். பாட்டுத்தான் வரல்ல.”

நான் புறப்படுவதற்குள் வங்கி ஐயா கடைக்கு வந்துவிட்டார். முதல்நாளே கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பாட்டைக் கேட்டிருக்கிறார். பழைய சாமான், உள்ளுக்குள் செத்துப்போச்சு, இனித் திருத்த ஏலாது என்று சொல்லி வைத்திருக்கிறார். என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார்.

“நீங்களும் அதைத்தான் சொல்லோணும், தங்கச்சி. உங்கட சொல்லெண்டால் அவர் கேப்பார். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன், சோடியையும் நானே எடுப்பன்.”

நான் பிடி கொடுக்காமல் சாமான் பையை எடுத்தேன். வானில் ஏறிவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் பாட்டைப் போட்டார்கள். கொட்டாஞ்சேனையார் போனில் சொன்னது உண்மை. வெள்ளவத்தை ஐந்தாம் மாடியில் கேட்ட அதே கீச்சு. முன்துணியைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பீக்கரின் விளிம்பில் ஒரு கீறலும் இல்லை. வயரிலும் பிழையில்லை. எழும்பி நின்று ஒரு முறை கை தட்டினேன். தட்டிய சத்தம் சுவர்களில் பட்டு நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மூட்டைகள் இருந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. இந்த வருஷம் ஒன்று மிச்சமில்லாமல் விற்றுவிட்டது என்று அவருடைய மனைவி சந்தோஷமாகச் சொன்னார்.

குறை பெட்டியில் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அவரோ, நான் சுவரைப் பார்த்து நிற்பதைச் சாவு வீட்டுச் செய்தியாக எடுத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னா இப்பவே வேன்ல ஏத்திர்றேன், மிஸ். பாத்துக்கிட்டு இருக்க மனசு கேக்கல்ல. கடைக்குன்னு இல்ல, யாருக்கு வேணும்னாலும் குடுங்க.”

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள், பிள்ளைகளே. கடைக்கு வந்த சாமானை வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். இது கடைக்கு வந்த சாமான் இல்லை. வான் வாசலில் நிற்கிறது, டிரைவர் எங்கள் ஆள். செத்துப்போச்சு என்று ஒரு சொல் சொன்னால் சோடி நேரே கல்கிசைக்குப் போகும். அந்தச் சொல்லை எனக்கு முன்பே வேறொருவர் சொல்லியும் வைத்துவிட்டார். என் நாக்கு நுனிவரை வந்தது.

நல்ல மனம் தடுத்தது என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம். முதலில் என்னைத் தடுத்தது வங்கி ஐயாவின் முகம். இந்தப் பொய்யை யோசித்து எடுத்தவர் அவர். அதை நான் பாவித்தால் இந்த ஊரில் அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவராக இருப்பார். ஆயுள் முழுக்க நான் அவர் கைக்குள். என் வீட்டுக்கு வந்து என் கதிரையில் இருந்து, இளித்துக்கொண்டு வீணை கேட்பார். அதை நினைக்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவதாகத்தான் எதிரே நின்ற மனிதரைப் பார்த்தேன். தன் காதுக்குக் கேட்பதையே நம்பாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தொழிலில் வருகிறவர்கள் எங்களிடம் தருவது தங்கள் காதை. நல்ல பெட்டியைக் கெட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த மனிதர் பிறகு எதைக் கேட்டாலும் சந்தேகத்தோடுதான் கேட்பார். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது.

“உங்கட சோடிக்கு ஒரு குறையுமில்லை. உங்கட ஹோல்தான் வெறிச்சுப்போய்க் கிடக்கு,” என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தார். உள் அறையிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவரச் செய்து சுவரோடு சாத்தினேன். போர்வை, தலையணை, மனைவியின் அலுமாரியில் இருந்த சேலைகள் எல்லாவற்றையும் மூட்டைகள் இருந்த இடத்தில் குவித்தோம். வீடு அன்றைக்குக் குடிமாறும் வீடு மாதிரி இருந்தது. பிறகு பாட்டைப் போட்டேன். முழுசாகத் திரும்பவில்லை, முக்கால்வாசி திரும்பிவிட்டது. அவர் நடுக் கதிரையில் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அப்படியென்றால் வங்கி ஐயா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். பொறாமை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் எனக்கும்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். சொன்னதோடு சொன்னதாக, எப்போதாவது விற்கும் எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லும்படி கேட்டேன்.

“விக்கிறதுக்கு இல்ல, மிஸ்,” என்றார், மெல்லமாக.

புதுச் சரக்கு வந்ததும் மூட்டைகள் திரும்பச் சுவரேறின. இப்போது வியாபாரம் எப்படிப் போனாலும் ஹோல் மூட்டைகளில் அவர் கைவைப்பதில்லை என்று மனைவி குறைப்படுகிறார். வங்கி ஐயாவுக்கோ சோடி பிழைத்த செய்தி இடிபோல விழுந்தது. என்ன நடந்தது என்று நான் அவருக்குச் சொன்னேன். துணி என்று சொன்னதும் என்னை நம்பாமல் பார்த்தார், நானும் கொட்டாஞ்சேனையாரும் சேர்ந்து ஏதோ வயரை ஒளிக்கிறோம் என்று முடிவெடுத்தார். அந்தக் கோபத்தில் தன் கறுப்புச் சோடியைக் காணவே பிடிக்கவில்லை. உயிரில்லாத சாமான் என்று சொல்லி அதையும் எங்கள் கடையில் கொண்டுவந்து போட்டார்.

அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சட்டம் என்னைக் கட்டாது. நான் வாடிக்கையாளராக வாசல் வழியே வந்து அந்தக் கறுப்புச் சோடியை வாங்கினேன். உங்களில் ஒருவர்தான் எனக்கு பில் போட்டது.

கல்கிசையில் என் முன்னறை சின்னது, அதுவும் டைல்ஸ் தரைதான். வேலைக்கு உடுத்த சேலைகள் இனி அலுமாரியில் இருந்து என்ன செய்ய? பின்சுவர் நீளத்துக்கும் பக்கச் சுவருக்கும் கம்பி கட்டி எல்லாவற்றையும் நெருக்கித் தொங்கவிட்டேன். தரைக்குப் பாய். பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போகும் நேரம் மட்டும் பாட்டை நிறுத்தவேண்டும், மற்றப்படி கறுப்புச் சோடி என்னிடம் வந்துதான் வாய் திறந்தது.

யாரோ வங்கி ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள். போன் எடுத்து, ஒருமுறை கேட்க வரட்டோ என்றார். வரச் சொன்னேன். நடுக் கதிரையில் இருத்தினேன், பழக்கதோஷத்தில் நான் ஓரமாக நின்றேன். ஒரு பாட்டு முடிந்தது. அவர் அசையவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் எழும்பிப் போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து வயரைத் தடவிப் பார்த்தார். திரும்பும்போது சேலைகளைக் கண்டு, மழையில் துணி காயவில்லையோ என்று விசாரித்தார். அறைக்குத் துணி வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. மூன்றாம் முறையும் சொல்லுமளவுக்கு நான் நல்லவள் இல்லை.

“தங்கச்சி, உந்தச் சோடியை எனக்குத் திருப்பித் தாறியளோ?” என்றார்.

“விக்கிறதுக்கு இல்லை, ஐயா.”

அந்தச் சொல் எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை செய்த காலமெல்லாம் ஊரில் உள்ளவர்களிடம் தருவீர்களா, விற்பீர்களா என்று கேட்டுத் திரிந்தவள் நான். இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு சாமானும் இருந்ததில்லை. அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கொட்டாஞ்சேனையாரும் இதைத்தான் சொல்லுறார். நேற்றும் மரச்சோடியைக் கேட்டனான்.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வெற்றி என் பக்கம் இருந்தது. ஆனால் வாய் முந்திவிட்டது.

“நானும் நேற்றுக் கேட்டனான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நல்ல சோடியை வீட்டில் வைத்துக்கொண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் முகத்தில் என் முகம் இருந்தது.

பிறகு வங்கி ஐயா நடுக் கதிரையை விட்டு எழும்பினார். என்னை அதில் இருக்கச் சொல்லிவிட்டு, அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக நிற்கும் ஓரத்தில் போய் நின்றார்.

“என்னத்தைப் போட?” என்றார்.

“வீணையைப் போடுங்கோ,” என்றேன்.